கிறிஸ் சேல் ஆடிய இரண்டு கோடைகள்: கல்லூரி பேஸ்பால் ஆட்டக்காரர் எங்கே ஆடப் போவது?

2007-ல் ஃபுளோரிடாவின் லேக்லேண்டில் பள்ளிப் படிப்பை முடித்த கிறிஸ் சேல் என்ற இடதுகைப் பிட்சரை (பந்து வீசுபவரை) கொலராடோ ராக்கீஸ் அணி டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்ளும் தேர்வில், 21-ஆவது சுற்றில் எடுத்தது. அத்தனை பின்னால் எடுக்கப்படுகிற பையனிடம் யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. சேல் கையெழுத்துப் போடாமல் கல்லூரிக்குப் போனார். மூன்று வருடம் கழித்து, 2010 ஜூன் டிராஃப்டில் சிகாகோ வைட் சாக்ஸ் அவரை முதல் சுற்றிலேயே 13-ஆவது ஆளாக எடுத்தது. ஆகஸ்ட் 6-ஆம் தேதி, தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் பந்து வீசிவிட்டார். அந்த வருட டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்களில் முதலில் மேஜர் லீகை எட்டியவர் அவர்தான்.

இந்த ஏற்றத்துக்குக் காரணங்கள் பல. உடம்பு தேறியது. கல்லூரிக் காலத்தில் கை வரும் கோணத்தைத் தாழ்த்தி, பக்கவாட்டுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார். அதன்பிறகு அவருடைய பந்தைப் பேட்டர்கள் கண்டுபிடிப்பதே கஷ்டமானது. இதையெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது அவருடைய இரண்டு கோடை விடுமுறைகளை மட்டும். 2008 கோடையில் அவர் விஸ்கான்சின் மாநிலத்தின் லாக்ராஸ் லாகர்ஸ் அணிக்கு ஆடினார். 2009 கோடையில் மாசசூசெட்ஸின் கேப் காட் தீபகற்பத்துக்குப் போய் யார்மத்-டென்னிஸ் ரெட் சாக்ஸ் அணிக்கு ஆடினார். இந்த இரண்டும் இந்த வரிசையில் அமைந்தது முக்கியம் என்பது என் கருத்து.

கோடை லீக் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் பிப்ரவரி நடுவில் தொடங்கி மே மாதத்தோடு பெரும்பாலான அணிகளுக்கு முடிந்துவிடும். வழக்கமான பருவத்தில் அதிகபட்சம் 56 ஆட்டங்கள். அப்புறம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நாடு முழுக்கச் சின்னச் சின்ன ஊர்களில் கோடை லீகுகள் நடக்கும். கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் சகாக்களை விட்டுப் பிரிந்து, முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத அணியில் போய் ஆடுவார்கள். சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்கினால் கல்லூரியில் ஆடும் தகுதி போய்விடும். தங்க இடம் கொடுப்பது அந்த ஊர்க் குடும்பங்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்க் காலியாகிவிட்ட அறையில் இரண்டு மாதம் ஒரு பையனைத் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, மைதானத்துக்கு வந்து கைதட்டவும் செய்வார்கள். பல குடும்பங்கள் இதை வருடக்கணக்கில் செய்து வருகின்றன.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் போக வேண்டும்? முக்கியமான காரணம் மரப் பேட். 1974-லிருந்து கல்லூரி ஆட்டத்தில் உலோகப் பேட்டுக்கு அனுமதி உண்டு. மேஜர் லீகிலோ மரம் மட்டும்தான். உலோகப் பேட்டில் பந்து சரியாகப் படாவிட்டாலும் ஓரளவு போய்விழும். மரப் பேட்டில், கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டால் பேட் உடைந்து பந்து காலடியில் விழும். அதனால் ஒரு கல்லூரிப் பேட்டரின் எண்களை ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காக ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்ப்பவர்கள்) முழுசாக நம்புவதில்லை. மரப் பேட்டோடு அவன் என்ன செய்கிறான் என்று கோடையில் போய்ப் பார்க்கிறார்கள். பிட்சருக்கும் இது பொருந்தும். உலோகப் பேட்டுக்குப் பயந்து ஓரத்திலேயே வீசிப் பழகியவன், மரப் பேட்டுக்கு எதிரே உள்பக்கம் வீசத் துணிகிறானா என்பது அங்கேதான் தெரியும். 2010 டிராஃப்டில் முதல் ஆளாகப் போன பிரைஸ் ஹார்ப்பர், தெற்கு நெவாடா கல்லூரியில் ஆடியவர். அந்தக் கல்லூரி இருந்த பிரிவில் பருவம் முழுக்கவே மரப் பேட்தான். கோடை வரை காத்திருக்கும் தேவையே அவருக்கு இல்லை.

இனி சேல் இருந்த நிலைமை.

அவர் சேர்ந்தது ஃபுளோரிடா கல்ஃப் கோஸ்ட் பல்கலைக்கழகம். 1997-ல்தான் அங்கே வகுப்புகள் தொடங்கின. சேல் சேர்ந்த 2007-08 கல்வியாண்டில்தான் அந்தப் பல்கலைக்கழகம் கல்லூரி விளையாட்டின் இரண்டாம் பிரிவிலிருந்து மேல்மட்டமான முதல் பிரிவுக்கு மாறத் தொடங்கியது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, அப்படி மாறும் பல்கலைக்கழகம் சில வருடங்களுக்கு நாடு தழுவிய நாக்அவுட் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. சேல் அங்கே ஆடிய மூன்று வருடமும் இந்தத் தடைக் காலத்துக்குள் அடங்கிவிட்டன. எவ்வளவு நன்றாக வீசினாலும், அணி எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும், மே மாதக் கடைசியில் கதை முடிந்தது. அந்தப் போட்டியின் கடைசிக் கட்டமாக ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடர் அவருக்குக் கிடைக்கவே வாய்ப்பில்லை. தொலைக்காட்சியில் வரும் பெரிய ஆட்டங்களும் இல்லை. வலுவான பேட்டர்களுக்கு எதிரே வாராவாரம் வீசும் சூழலும் இல்லை.

இந்த ஒரு விஷயம்தான் இந்த நிகழ்வை ஆராய வைக்கிறது. பெரிய பல்கலைக்கழகத்தில் ஆடும் பையனுக்குக் கோடை லீக் கூடுதல் வாய்ப்பு. சேலுக்கு அதுதான் ஒரே மேடை. அப்படிப்பட்டவர் எங்கே போகிறார், எப்போது போகிறார் என்பதில் பிசகினால் திருத்திக்கொள்ள நேரமில்லை. நான்கு வருடக் கல்லூரியில் ஆடுபவர் மூன்றாம் வருடம் முடிந்தாலோ 21 வயதானாலோதான் மறுபடி டிராஃப்டுக்குத் தகுதி பெறுவார். ஆக, முதல் வருடத்துக்குப் பிறகு ஒரு கோடை, இரண்டாம் வருடத்துக்குப் பிறகு ஒரு கோடை. இரண்டே இரண்டு.

முதல் கோடைக்கு லாக்ராஸ். மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். அங்குள்ள லாகர்ஸ் அணி நார்த்வுட்ஸ் லீகைச் சேர்ந்தது. 1994-ல் தொடங்கிய இந்த லீக், லாபத்துக்காக நடக்கும் வியாபாரம். டிக்கெட் விற்று, தின்பண்டம் விற்று நடத்துகிறார்கள். மேடிசன் மல்லார்ட்ஸ் போன்ற அணிக்கு ஒரு சாதாரண வார நாளில்கூட ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். ஆட்டங்கள் அதிகம், இப்போது ஓர் அணிக்கு 72. ஏறக்குறைய தினமும் ஆட்டம். தூரமும் அதிகம். லாக்ராஸிலிருந்து கனடா எல்லைக்கு அப்பால் இருக்கும் தண்டர் பேவுக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். இரவு ஆட்டம் முடிந்து பஸ் ஏறினால் விடியும்போது ஊர் வரும், சாயங்காலம் மறுபடி ஆட்டம். மேஜர் லீகுக்குக் கீழே இருக்கும் மைனர் லீக் வாழ்க்கைக்கு இதைவிட நெருக்கமான பயிற்சி கல்லூரிப் பையனுக்குக் கிடைக்காது. இன்று தோற்றால் அதை நினைத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை என்பதைச் சொல்லிக்கொடுக்கும் லீக் அது. லாகர்ஸ் அணியில் சேலுக்கு முன்பே மேக்ஸ் ஷெர்சர் ஆடியிருக்கிறார். கர்ட்டிஸ் கிராண்டர்சன் 2001-ல் இதே லீகின் மன்காட்டோ அணியில் ஆடியவர். பென் ஸோப்ரிஸ்ட் 2003-ல் வாசா நகரின் விஸ்கான்சின் வுட்சக்ஸ் அணியில் ஆடியவர். பின்னாளில் மேஜர் லீகில் பேர் வாங்கிய இவர்கள் யாரும் அப்போது நாடறிந்த பெயர்கள் இல்லை. ஆடிக்கொண்டே இருப்பதற்காகப் போனவர்கள்.

முதல் வருடம் முடித்த பிட்சருக்கு, அதுவும் சின்னப் பல்கலைக்கழகப் பிட்சருக்கு, இது சரியான இடம் என்றே நினைக்கிறேன். அந்த வயதில் அவனுக்கு வேண்டியது பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஸ்கவுட் இல்லை. தவறாக வீசிவிட்டு, மூன்று நாளில் மறுபடி வீசக் கிடைக்கும் வாய்ப்பு. ஒரு புதுப் பந்தையோ, புதுக் கை கோணத்தையோ ஆட்டத்தில் வைத்துப் பார்க்க, தோற்றாலும் உலகம் கவனிக்காத ஓர் இடம் வேண்டும். ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற பிட்சரின் பாதையும் இப்படித்தான் போனது. முதல் வருடத்துக்குப் பிறகு, 2007-ல், அவர் நியூ இங்கிலாந்து லீகில் டோரிங்டன் என்ற சின்ன ஊருக்கு ஆடினார். அடுத்த வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக் அணியில் இருந்தார். 2009-ல் டிராஃப்டின் முதல் ஆள்.

அடுத்த கோடையில் சேல் கேப் காட் போனார்.

இந்த லீகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்து அணிகள். அவை இருக்கும் ஊர்களெல்லாம் ஒன்றுக்கொன்று பக்கம்; வெளியூர் ஆட்டத்துக்குப் போய்விட்டு இரவே வீட்டுக்கு வந்துவிடலாம். அனுமதி இலவசம். ஆட்டத்தின் நடுவில் நன்கொடை கேட்டு வருவார்கள், ராஃபிள் சீட்டு விற்பார்கள். மக்கள் வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டுவந்து மேட்டில் போட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் பள்ளி மைதானங்கள்தான். யார்மத்-டென்னிஸ் ஆடும் ரெட் வில்சன் மைதானமும் அப்படித்தான். சில மைதானங்களில் விளக்கே கிடையாது, அதனால் சாயங்காலமே தொடங்கி இருட்டுவதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். அந்த ஊர்களில் ஒன்றான சாத்தமில் கடல் மூடுபனி இறங்கி ஆட்டம் நின்றுபோவது சகஜம். இத்தனை எளிமையான இடத்தில் வேலியோரமாக ரேடார் கருவிகளோடு மேஜர் லீக் ஸ்கவுட்டுகள் வரிசையாக நிற்பார்கள். இங்கே ஆடியவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேஜர் லீக் போயிருக்கிறார்கள். தர்மன் மன்சன் 1967-ல் சாத்தமுக்கு ஆடி .420 பேட்டிங் சராசரி எடுத்தார், அடுத்த வருட டிராஃப்டில் நான்காவது ஆள். 1985-ல் இந்த லீக் உலோகத்தை விட்டு மரப் பேட்டுக்குத் திரும்பியது. ஸ்கவுட்டுகளின் கோடைக்காலப் பயணத்தில் கேப் காட் முதலிடத்துக்கு வந்ததற்கு இந்த முடிவு முக்கியக் காரணம்.

யார்மத்-டென்னிஸ் அணிக்கு 1998-ல் மேலாளராக வந்தவர் ஸ்காட் பிக்லர். கலிஃபோர்னியாவில் சைப்ரஸ் கல்லூரியின் கோச்சாக இருந்துகொண்டு, கோடையில் நாட்டின் மறுகோடிக்கு வந்து அணி நடத்தியவர். சேல் போனபோது அவர் தலைமையில் அந்த அணி 2004, 2006, 2007 என்று மூன்று முறை கோப்பை வென்றிருந்தது. அப்படிப்பட்ட அணியில், நாட்டின் மிகச் சிறந்த கல்லூரிப் பேட்டர்களுக்கு எதிரே, அவர்கள் கையில் மரப் பேட் இருக்க, சேல் அந்தக் கோடை முழுக்க அவர்களைத் திணறடித்தார். லீகின் சிறந்த பிட்சர் விருதும், தொழில்முறை ஆட்டத்துக்கு மிகவும் நம்பிக்கை தரும் ஆட்டக்காரர் விருதும் அவருக்கே போயின. பேரே கேள்விப்படாத பல்கலைக்கழகத்துப் பையன் என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. அடுத்த வசந்தத்தில் அவர் 11 வெற்றி, தோல்வியே இல்லை, 146 ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) என்று அதில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தபோது, அந்த எண்களை யாரும் எதிரணிகளின் பலவீனம் என்று ஒதுக்கவில்லை. கேப்பில் பார்த்ததற்கும் அதற்கும் பொருத்தம் இருந்தது. இருந்தாலும் 12 தேர்வுகள் அவரைத் தாண்டிப் போயின. ஆறரை அடி உயரத்தில் குச்சிபோல இருந்த உடம்பும், அந்தக் கை வீச்சும் தாங்குமா என்ற பயம் பலருக்கு. மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் 2018-ல் கடைசி அவுட்டை எடுத்ததும், 2024-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியதும் இதே கைதான்.

இந்த வரிசை தலைகீழாக இருந்திருந்தால்? முதல் கோடையிலேயே கேப் போயிருந்தால்? நடந்திருக்கக்கூடியதை நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த லீகின் நடைமுறை தெரிந்தால் ஊகிக்கலாம். கேப்பில் இரண்டு வகை ஒப்பந்தம் உண்டு: முழுப் பருவ ஒப்பந்தம், தற்காலிக ஒப்பந்தம். கல்லூரி உலகத் தொடர் ஜூன் கடைசி வரை நடக்கும். பெரிய பல்கலைக்கழகங்களின் நட்சத்திரங்கள் அதற்குப் பிறகுதான் வருவார்கள்; சிலர் அமெரிக்கக் கல்லூரித் தேசிய அணிக்கு ஆடிவிட்டு இன்னும் தாமதமாக வருவார்கள். அதுவரை இடத்தை நிரப்பத் தற்காலிகமாகச் சிலரைக் கூப்பிடுவார்கள். பெயர் இல்லாத பையனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அதுதான். அதில் தூள் கிளப்பிப் பருவம் முழுக்க நிலைத்தவர்கள் உண்டு. ஆனால் இரண்டு மோசமான ஆட்டத்தோடு பெட்டியைக் கட்டியவர்கள் அவர்களைவிட அதிகம். அப்படி ஜூன் கடைசியில் வெளியே வந்தால், மற்ற லீகுகளிலும் இடம் நிரம்பியிருக்கும். கேப் அணியின் சட்டை போட்ட புகைப்படம் மிஞ்சும், ஆட்டம் மிஞ்சாது. முதல் வருடப் பையன்களைப் பெற்றோரும் சில சமயம் கோச்சுகளும் இதற்குத் தள்ளுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கிறார்' என்று எழுதிக்கொண்டு போகிறேனே தவிர, நடைமுறையில் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது கல்லூரிக் கோச். அவருக்கும் கோடை அணியின் பொது மேலாளருக்கும் வருடக்கணக்கான பழக்கம். இலையுதிர் காலத்திலேயே போனில் பேசி, 'என்னிடம் இரண்டு பிட்சர், ஒரு கேட்சர் இருக்கிறார்கள்' என்று முடித்துவிடுவார்கள். பையனுக்கு ஒரு தாள் வரும், கையெழுத்துப் போடுவான். சிக்கல் என்னவென்றால், அந்த அக்டோபரில் அவன் பருவமே தொடங்கியிருக்காது. மே மாதத்தில் அவன் 90 இன்னிங்ஸ் வீசிக் கை ஓய்ந்திருப்பானா, அல்லது வாய்ப்பே கிடைக்காமல் 10 இன்னிங்ஸோடு பெஞ்சில் இருந்திருப்பானா என்று யாருக்கும் தெரியாது. முதலாமவன் கோடையில் வீசவே கூடாது. இரண்டாமவனுக்கு எங்கேயாவது நிறைய வீசக் கிடைத்தே ஆக வேண்டும். இருவருக்கும் ஒரே ஒப்பந்தம் எட்டு மாதம் முன்பே எழுதப்படுகிறது. நல்ல கோச்சுகள் மே மாதத்தில் அதை மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள், இன்னிங்ஸுக்கு வரம்பு வைக்கிறார்கள், தேவைப்பட்டால் போகவேண்டாம் என்று நிறுத்துகிறார்கள். முழங்கைத் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் இளம் பிட்சர்கள் இத்தனை பேர் இருக்கிற காலத்தில், இதைச் செய்யாத கோச்சை எந்தச் சமாதானத்தாலும் மன்னிக்க முடியாது என்று நினைக்கிறேன்.

லீகின் மதிப்பைவிட அங்கே கிடைக்கும் வேலை முக்கியம் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று. மார்க் மெக்வயர் தெற்கு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது பிட்சர். 1982 கோடையில் அலாஸ்காவின் ஆங்கரேஜ் கிளேஷியர் பைலட்ஸ் அணிக்குப் போனார். அங்கே தினமும் முதல் பேஸில் நின்று, தினமும் பேட் பிடித்தார். அந்தக் கோடையில்தான் பேட்டராக அவர் உருவானார். 1984-ல் அதே பல்கலைக்கழகத்துக்கு 32 ஹோம் ரன் அடித்து, டிராஃப்டில் 10-ஆவது ஆளாகப் போனார். அலாஸ்கா அப்போது பெரிய பெயர். பின்னாளில் பெரும் பிட்சரான டாம் சீவர் 1960-களில் ஃபேர்பேங்க்ஸ் கோல்ட்பேனர்ஸ் அணிக்கு ஆடியிருக்கிறார். அந்த ஊரில் ஜூன் 21-ஐ ஒட்டி, இரவு பத்தரை மணி வாக்கில் தொடங்கி, விளக்கே போடாமல் நள்ளிரவு தாண்டி ஆடும் ஆட்டம் 1906-லிருந்து நடக்கிறது. மெக்வயருக்குப் பயன்பட்டது அந்த லீகின் புகழ் இல்லை. கல்லூரியில் கிடைக்காத பேட்டிங் வாய்ப்பு அங்கே கிடைத்தது.

சேலின் பாதையை இன்றைய பையன் அப்படியே பின்பற்ற முடியுமா? முழுசாக முடியாது. 2020 முடிவில் மேஜர் லீக் தன் மைனர் லீக் அணிகளை 160-லிருந்து 120-ஆகக் குறைத்தது. 2019 வரை 40 சுற்றாக இருந்த டிராஃப்ட் இப்போது 20 சுற்று. அது ஜூனிலிருந்து ஜூலைக்கும் தள்ளிப்போனது. மைனர் லீகாக இருந்த அப்பலாச்சியன் லீக் 2021-ல் இளைய கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான கோடை லீகாக மாறியது. டிராஃப்டுக்குத் தகுதியானவர்களுக்கென்றே அதே வருடம் தனியாக ஒரு லீகும் தொடங்கினார்கள். ஆக, தேர்ந்தெடுக்க இடங்கள் கூடியிருக்கின்றன. இன்னொரு பக்கம், கோடையில் ஆடவே போகாமல், பயிற்சிக்கூடங்களில் பந்தின் சுழற்சியை அளந்து, எடை தூக்கி, உடம்பை வளர்க்கும் பிட்சர்கள் பெருகிவிட்டார்கள். சேல் போன்ற ஒல்லியான பையனுக்கு இன்று அதைத்தான் பலர் சிபாரிசு செய்வார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பேஸில் ஆள் நிற்கும்போது, மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லாதபோது, எப்படி வீசுவது என்பதை எந்தக் கூடமும் கற்றுத்தர முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவது. 2021-லிருந்து ஒரு வருடம் உட்கார்ந்திருக்கும் தண்டனை இல்லாமல் ஆட்டக்காரர்கள் மாறலாம். 2025-26 பருவத்திலிருந்து, ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்க வழிசெய்த நீதிமன்ற உடன்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் ஓர் அணிக்கு 34 பேர் என்று வரம்பும் வந்துவிட்டது. அதனால் கோடை மைதானங்களில் இப்போது ஸ்கவுட்டுகளோடு சேர்ந்து பெரிய பல்கலைக்கழகங்களின் கோச்சுகளும் கண் வைக்கிறார்கள். இன்று ஒரு சேல் லாக்ராஸில் ஒரு மாதம் நன்றாக வீசினால், ஆகஸ்டில் அவர் ஃபுளோரிடா கல்ஃப் கோஸ்ட் திரும்புவாரா என்பதே சந்தேகம். அது அவருக்கு நல்லதாகக்கூட இருக்கலாம். ஆனால் அவரை அனுப்பிய கோச் இழக்கிறார். அதனால் சில கோச்சுகள் தங்கள் நல்ல பையன்களை அதிகம் கண்ணில் படாத லீகுக்கு அனுப்ப ஆசைப்படுவார்கள். பையனின் நலனும் கோச்சின் நலனும் ஒன்றாக இருந்த காலத்தில் உருவான போன் பழக்கம் இது. அவை பிரிந்துவிட்ட பிறகும் முடிவைக் கோச்சிடமே விட்டுவைப்பது சரியில்லை.

அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பையனும் வீட்டாரும் நேராகக் கேட்க வேண்டியவை சில உண்டு. இது முழுப் பருவ ஒப்பந்தமா, தற்காலிகமா? வாரத்துக்கு எத்தனை இன்னிங்ஸ், எந்த வேலை: தொடக்கத்தில் வீசவா, கடைசியில் வீசவா? பேட்டராக இருந்தால் அதே இடத்துக்கு இன்னும் எத்தனை பேரை எடுத்திருக்கிறீர்கள்? அங்கே பிட்சர்களைப் பார்த்துக்கொள்ளும் கோச் யார், கல்லூரிக் கோச் வைத்த வரம்பை அவர் மதிப்பாரா? மே மாதத்தில் கை வலித்தால் வராமல் இருக்கலாமா? இதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லும் ஒரு சின்ன லீகின் மேலாளர், மழுப்பும் ஒரு பெரிய லீகின் மேலாளரைவிட முதல் வருடப் பையனுக்கு நல்லவர்.